கங்காணி வீட்டு லவ் பேர்ட் ஜோடி

1. சாட்சிக்கு அழைப்பு

“நீங்க குடுத்த பெட்ட மலடு. வந்து பாத்து நாலு பேரு முன்னால சொல்லிட்டுப் போங்க.”

குளுவாங் பாசார் பக்கத்தில் இருந்த பறவைக் கடையில் காலையில் தண்ணீர்க் கிண்ணங்களை மாற்றிக்கொண்டிருந்தேன். வணக்கம்கூடச் சொல்லாமல் அங்கம்மா இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். அன்று கடையில் நாற்பத்தொரு கூண்டுகள். அவர் குரல் கேட்டதில் எத்தனை கூண்டு முடித்தேன் என்ற கணக்கு விட்டுப் போயிற்று. பிறகு முதலிலிருந்து மறுபடி பார்த்துக்கொண்டு வந்தேன்.

மலாயாவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. மூடிக் கிடந்த தோட்டங்களில் மறுபடியும் பால்வெட்டு தொடங்கியிருந்தது. கையில் கொஞ்சம் காசு புரள ஆரம்பித்ததும் ஜனங்கள் கிளி வாங்க வந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ரயிலில் மூங்கில் கூடைகளில் வரும் பறவைகளை இறக்கி, பிரித்து, தீனி வைத்து, எது ஜோடி சேரும், எது சேராது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நான் மிஷன் பள்ளியில் ஏழாவது வரை படித்தவன். எதையும் எண்ணிப் பார்க்காமல் விடமாட்டேன் என்பதால் முதலாளி ராவுத்தர் என்னைக் ‘கிராணி’, அதாவது கணக்குப்பிள்ளை, என்றே கூப்பிடுவார். கடைக்கு வருபவர்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

அங்கம்மா, காஹாங் சாலையில் இருந்த ஒரு தோட்டத்தின் பழைய கங்காணியின் மனைவி. கணவர் இறந்த பிறகு மகன் தங்கவேலு கங்காணியானான். பத்து மாதத்துக்கு முன் தங்கவேலுதான் என்னிடம் ஒரு ஜோடி லவ் பேர்ட் வாங்கிப் போனான். இப்போது பட்ஜி என்கிறார்களே, நெற்றியில் மஞ்சளும் உடம்பில் பச்சையுமாக இருக்கும் சின்னக் கிளி, அதுதான்.

“உக்காருங்கம்மா. என்ன ஆச்சு?” என்றேன்.

“என்ன ஆகும்? ஒண்ணும் ஆகல, அதான் வந்தேன். பத்து மாசமா தினைய திங்குதுங்க, தண்ணிய குடிக்குதுங்க, ஒரு முட்ட இல்ல. தேங்கா மட்டய குடைஞ்சு தொங்க விட்டா அந்தப் பெட்ட உள்ள பூந்து பூந்து வருது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சேந்தவ ராசி அப்படி.”

கடைசி வார்த்தையை வாசல் பக்கம் திரும்பிச் சொன்னார். வாசலில் அவருடைய மருமகள் செல்லம்மா நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. அவளும் வரவில்லை.

விஷயத்தை அங்கம்மாவே சொன்னார். தங்கவேலுவுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். குழந்தை இல்லை. தோட்டத்துக் கோயில் சாமியாடி, வீட்டுக்குள் ஒரு ஜோடிப் பறவையைத் தொங்கவிடச் சொல்லியிருக்கிறார். அது முட்டை வைத்தால் வீட்டில் தொட்டில் ஆடும். வைக்காவிட்டால் வீட்டுக்கு வந்த பெண்ணிடம் குறை. அதுவரை கூண்டை மாட்டிய இடத்திலிருந்து இறக்கக் கூடாது. தை பிறக்கும்வரை கெடு. அதற்குப் பிறகு, ஆயர் ஈத்தாமில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தம்பியின் மகளைத் தங்கவேலுவுக்கு இரண்டாம் தாரமாகக் கட்டுவது என்று அங்கம்மா முடிவு செய்துவிட்டார். தையும் பிறந்துவிட்டது.

“எம்மவன் என்ன சொல்றான் தெரியுமா கிராணி? ‘கிளி வித்தவரு வந்து பாக்கட்டும், பெட்டையிலதான் குறைன்னு அவரு வாயால சொல்லட்டும், அப்பறம் நீ சொல்றத கேக்கறேன்’ங்கிறான். ஞாயித்துக்கெழம எந்தம்பியும் வெத்தல பாக்கோட வர்றான். நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சிடும்.”

“கூண்ட இங்க கொண்டாந்திருக்கலாமே?”

“அலமாக்! எறக்குனா சாங்கியம் கெட்டுப் போயிடாது?”

அவர் போன பிறகு நாற்பத்தொரு கூண்டுக்கும் தண்ணீர் மாற்றி முடித்தேன். பறவை செத்தால் கடைக்குப் பழி வரும். அதற்கு நான் பழகியிருந்தேன். ஒரு பெண்ணின் குடித்தனத்தை என் வாயில் கொண்டுவந்து வைத்தது அதுதான் முதல் தடவை.

2. ‘தயார்’ என்றால் என்ன

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

பறவை வளர்ந்துவிட்டது என்பது வேறு, குஞ்சு பொரிக்கத் தயாராகிவிட்டது என்பது வேறு. லவ் பேர்ட் குஞ்சுக்கு நெற்றி முழுக்கக் கறுப்புக் கோடுகள் இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் இறகு மாறும்போது கோடுகள் மறையும், பிறகு கண்மணியைச் சுற்றி வெள்ளை வளையம் வரும். வாங்குபவர்கள் அதைப் பார்த்துவிட்டு ‘பெரிசாயிடுச்சு’ என்று கூண்டுக்குள் கூட்டைத் தொங்கவிடுவார்கள். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர், ஆறு மாதம்கூட ஆகாத பெட்டையை ஜோடி சேர்த்துவிட்டு, அது கூண்டுத் தரையில் உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். முட்டை அடைப்பு. எண்ணெய் தடவினேன். வெந்நீர்ச் சட்டியின் ஆவியில் காட்டினேன். முட்டை வெளியே வரவில்லை. என் உள்ளங்கையிலேயே அதன் மூச்சு நின்றது. அன்றிலிருந்து பத்து மாதம், முடிந்தால் ஒரு வருஷம் ஆகாத பெட்டைக்குக் கூடு வைக்கச் சம்மதிக்க மாட்டேன்.

வயது ஒன்று. உடம்பு இன்னொன்று. அலகுக்கு மேலே, மூச்சுத் துளைகள் இருக்கும் தடித்த தோலை நாங்கள் மூக்கு என்போம். தயாரான பெட்டையின் மூக்கு பழுப்பாகிச் சொரசொரப்பாக இருக்கும். மரத்தைக் கடிக்கும், கூட்டுக்குள் புகுந்து அடியைச் சுரண்டும், கையைக் கொண்டுபோனால் சதை கிழியக் கடிக்கும். தயாரான சேவலின் மூக்கு நல்ல நீலமாகப் பளபளக்கும். தலையை ஆட்டி ஆட்டிப் பேசும், உட்காரும் தண்டில் அலகைத் தட்டும், தான் தின்றதை எடுத்துப் பெட்டைக்கு ஊட்டும். நெஞ்செலும்பைக் கட்டைவிரலால் தடவினால் இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டும். இறகு உதிரும் காலமாக இருக்கக் கூடாது.

இவ்வளவும் இரண்டுக்கும் ஒரே சமயத்தில் கூடி வர வேண்டும். பெட்டை தயாராகிச் சேவல் தயாராகாவிட்டால், பெட்டை கூட்டைச் சுரண்டிக்கொண்டே இருந்து ஓய்ந்துபோகும். சேவல் மட்டும் தயாரானால் பெட்டையைத் துரத்தி இறகைப் பிய்க்கும். ஒன்றை வைத்து மற்றொன்றைச் சொல்ல முடியாது.

தங்கவேலுவுக்கு விற்றபோது அந்த ஜோடிக்கு நெற்றிக் கோடு மறையத் தொடங்கிய வயது. சேவலின் மூக்கு நீலம் கொள்ள ஆரம்பித்திருந்தது. ஆறு மாதம் கூடு வைக்காதீர்கள் என்று சொல்லியனுப்பினேன். அவன் பொறுமைசாலி, அப்படியே செய்திருந்தான்.

3. முதலாளி காட்டிய வழிகள்

மத்தியானத் தொழுகை முடித்து வந்த ராவுத்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார்.

“இதுக்கா மூஞ்சிய தூக்கி வச்சிருக்கே? தனி ஜோடியா இருந்தா லவ் பேர்டு கூச்சப்படும், பக்கத்துல இன்னொரு ஜோடி வேணும்னு சொல்லு. பொய்யும் இல்ல. ஒரு ஜோடி வியாபாரமும் ஆச்சு.”

“அந்தம்மா கெடு முடிஞ்சு போச்சுன்னு சொல்றாங்க முதலாளி.”

“அப்ப இன்னொரு வழி. பின்னால அந்த ஓரக் கூண்டுல ஊட்டிக்கிட்டு இருக்கே ஒரு பச்ச ஜோடி, அதக் கூடையில போட்டு எடுத்துட்டுப் போ. பாக்கற மாதிரி கைய விட்டு மாத்தி வச்சிட்டு வந்துடு. எல்லாம் ஒரே பச்ச. யாருக்குத் தெரியப் போவுது? பத்து நாள்ல முட்ட வைக்கும். அந்தப் பொண்ணும் தப்பிச்சிடும்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கும் ஊரில் மூன்று பெண் மக்கள். எனக்கும் முதலில் அது நல்ல வழியாகத்தான் பட்டது. ஓரக் கூண்டுக்கு நாலு தடவை போய் அந்த ஜோடியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆனால் யோசிக்க யோசிக்கப் பயம் வந்தது. மாற்றி வைத்த ஜோடி முட்டையிட்டால், சாமியாடி சொன்னது பலித்துவிட்டது என்று ஆகிவிடும். அதற்குப் பிறகும் தொட்டில் ஆடாவிட்டால்? கிளிக்கு வந்த குஞ்சு உனக்கு வரவில்லையே என்று அதே வாய் அவளையே கேட்கும். அப்போது நான் வைத்த முட்டையே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

“மாத்த வேணாம் முதலாளி. போய்ப் பாக்கறேன். கண்டத சொல்றேன்.”

“பெட்டதான் குறைன்னு கண்டா?”

அதைத்தான் நான் அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

“இந்தா கிராணி,” என்றார் ராவுத்தர், குரல் இறங்கி. “நீ கிளிக்குத்தான் சாட்சி சொல்லப் போற. குடும்பத்துக்கு இல்ல. அத மறக்காத.”

4. ஞாயிற்றுக்கிழமை

காலைப் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறினேன். தோட்டத்து முனையில் இறங்கி, ரப்பர் மரங்களுக்கிடையே மண் சாலையில் நடந்தேன். தொழிலாளர் லயங்களைத் தாண்டி, தகரக் கூரை போட்ட பலகை வீடு. உள்ளே கோழிக் கறி கொதிக்கும் வாசனை வந்தது. கூடத்துப் பாயில் வெற்றிலைத் தட்டு. அதற்குப் பக்கத்தில் அங்கம்மாவின் தம்பி முத்தையா, மடித்த சட்டைக்கையோடு. தங்கவேலு சுவரில் சாய்ந்து நின்றான். செல்லம்மா எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டாள்.

கூண்டு ஜன்னலோரம் உத்திரத்தில் தொங்கியது. சுத்தமாக இருந்தது. தினைக் கிண்ணத்தில் உமி ஊதி எடுக்கப்பட்டிருந்தது. சுண்ணாம்புச் சத்துக்காகக் கம்பிக்கிடையே கணவாய் மீன் ஓடு சொருகியிருந்தது. அதைச் செய்தது யார் என்று நான் கேட்கவில்லை.

முக்காலி போட்டு ஏறினேன்.

“எறக்காதீங்க!” என்றார் அங்கம்மா.

“எறக்கலம்மா. கைய மட்டும் உள்ள விடுறேன்.”

முதலில் தேங்காய் மட்டைக் கூட்டைப் பார்த்தேன். வாய் ஓரம் முழுக்கக் கடித்து வழவழப்பாகியிருந்தது. உள்ளே ஒரு தும்புகூட இல்லாமல் சுரண்டி எடுத்திருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் வேலை அல்ல, மாதக் கணக்கில் செய்த வேலை. பெட்டையைப் பிடித்தேன். சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ரத்தம் வந்துவிட்டது.

“என்ன கிராணி, நாடி புடிக்கிறீங்களா?” முத்தையா சிரித்தார். “அது உங்க நாடிய புடிக்குதே!”

மூக்கு நல்ல பழுப்பு. நெஞ்சில் சதை. கண் தெளிவு. குறை சொல்ல ஒன்றும் இல்லை. விட்டதும் நேராகக் கூட்டுக்குள் போய் மறுபடி சுரண்ட ஆரம்பித்தது.

சேவல் மேல் தண்டில் உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினேன், நகரவில்லை. எடுத்தபோது கையில் கனமே இல்லை. நெஞ்செலும்பு கத்தி மாதிரி இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நான் விற்றபோது நீலம் கொள்ள ஆரம்பித்திருந்த மூக்கு வெளுத்து, திட்டுத் திட்டாகப் பழுப்பேறியிருந்தது. உள்ளே ஏதோ நோய் பிடித்த சேவலுக்குத்தான் அப்படி நிறம் மாறும். அதற்கு முன் இரண்டு சேவல்களில் பார்த்திருக்கிறேன். இரண்டும் அதற்குப் பிறகு ஒரு முட்டைக்கும் உதவவில்லை.

இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டேன். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

“பெட்டையில குறை இல்லம்மா. ரொம்ப மாசமா தயாராத்தான் இருந்திருக்கு. சேவலுக்குத்தான் ஏதோ உள்நோவு. இது ஜோடி சேராது.”

கூட்டுக்குள் பெட்டை இன்னும் சுரண்டிக்கொண்டிருந்தது.

“நல்லா பாத்தீங்களா?” என்றார் அங்கம்மா.

“ரெண்டையும் பாத்தேன்மா.”

“அந்தப் பெட்டைய இன்னொரு தடவ பாருங்க.”

மறுபடி ஏறினேன். மறுபடி கடி வாங்கினேன். மறுபடி அதையே சொன்னேன்.

“அப்ப என்ன, சேவல மாத்திக் குடுங்க!” என்றார் அவர் எரிச்சலோடு. சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. முந்தானையை வாயருகே கொண்டுபோனார். முத்தையா வெற்றிலைத் தட்டைப் பார்த்தார். தங்கவேலுவின் முகம் கறுத்துப் போயிற்று.

ராவுத்தர் சொன்னது எனக்கு நினைவு வந்தது. “கிளியோட ஒடம்ப பாத்து கிளியத்தான் சொல்ல முடியும். மனுசங்கள பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. பெட்ட நல்லா இருக்குன்னது உங்க மருமகளுக்காக சொன்னதில்ல. சேவலுக்கு நோவுன்னது உங்க மகனுக்காக சொன்னதும் இல்ல.”

“அதானே!” முத்தையா நிமிர்ந்தார். “கிளியில என்னக்கா இருக்கு? நாம நம்ம விஷயத்த பேசுவோம்.”

அப்போதுதான் தங்கவேலு வாயைத் திறந்தான்.

“ஏன் மாமா, பெட்ட மலடுன்னு சொல்லியிருந்தா கிளியில எல்லாம் இருந்திருக்கும். சேவலுக்கு நோவுன்னதும் ஒண்ணும் இல்லாம போச்சா?”

அங்கம்மா, “அந்தச் சனியன் புடிச்ச சேவல மொதல்ல வெளிய கொண்டு போகட்டும்,” என்றார். “கிராணி, நீங்களே எடுத்துட்டுப் போங்க. வேற ஒண்ணு அனுப்புங்க.”

“வேணாம் அத்த.”

செல்லம்மா அடுப்பங்கரை வாசலிலிருந்து இரண்டடி முன்னால் வந்திருந்தாள். அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அது சீக்குல கெடக்கு. அதுமேல என்ன தப்பு இருக்கு? இருக்கற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்.”

அவள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, கூண்டைப் பார்த்துத்தான் சொன்னாள். தங்கவேலு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து பாயிலிருந்த வெற்றிலைத் தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

“உள்ள கொண்டு போய் வை,” என்றான். முத்தையாவிடம் திரும்பி, “மாமா, பஸ்ஸு வந்துடும். கெளம்புங்க, ரோடு வரைக்கும் நான் வர்றேன்.”

“டேய், சோறே திங்கலியேடா!” என்றார் முத்தையா.

“அடுத்த தடவ வரும்போது அத்தையயும் புள்ளையயும் கூட்டிக்கிட்டு வாங்க மாமா. விருந்தாளியா வாங்க. எல்லாரும் உக்காந்து சாப்புடலாம்.”

அங்கம்மா எழுந்து அடுப்பங்கரைக்குப் போனார். கறிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கும் சத்தம் பலமாகக் கேட்டது.

5. அதற்குப் பிறகு

முத்தையாவைப் பஸ் ஏற்றிவிட்ட பிறகு, அதில் எனக்கு இடமில்லாததால் அடுத்த பஸ்ஸுக்காகத் தங்கவேலுவும் நானும் சாலையோரம் நின்றோம்.

“சேவலுக்கு வைத்தியம் இருக்கா கிராணி?”

“நான் பாத்ததுல பொழைச்சது இல்லங்க. வெயில் படுற எடத்துல வைக்கச் சொல்லுங்க. ஊற வச்ச தினை குடுங்க. வலி இல்லாம போய்ச் சேரும்.”

“கூண்ட எறக்கலாமா?”

“தாராளமா எறக்கலாம்.”

அவன் தலையசைத்தான். பஸ் வந்தது.

சேவல் மழைக்காலம் முடிவதற்குள் செத்துப்போனது. தங்கவேலுவே கடைக்கு வந்து சொன்னான். வேறு சேவல் கேட்கவில்லை. பெட்டைக்குத் தினை மட்டும் வாங்கிப் போனான். ஆயர் ஈத்தாம் பெண்ணை வேறு இடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று முத்தையாவின் கடைக்குச் சாமான் கொண்டுபோகும் வண்டிக்காரர் சொன்னார். அங்கம்மா அதன் பிறகு எங்கள் கடைப் படியை மிதிக்கவில்லை. தங்கவேலுவுக்கும் செல்லம்மாவுக்கும் பிள்ளை பிறந்ததா என்று இதைக் கேட்ட எல்லோரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. தங்கவேலு தினை வாங்க வந்தபோதெல்லாம் அதை நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் நானும் சாமியாடி பக்கம் போய் உட்கார்ந்தவனாகியிருப்பேன்.

அதன் பிறகு அந்தக் கடையில் பல வருஷம் வேலை பார்த்தேன். மெர்போக் எனும் மலாய்ச் சிறுபுறா, வளர்ப்புப் புறா, கனேரி, லவ் பேர்ட் என்று எத்தனையோ ஜோடிகளைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். மலாய்க்காரர், சீனர், தமிழர், துரை வீட்டு அம்மாள் என்று யார் வந்தாலும் ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை. ‘ஜோடி தயாரா, பாருங்கள்’ என்று சொல்லிவிட்டு எல்லோரும் பெட்டையைத்தான் என்னிடம் நீட்டுவார்கள். முட்டை வராவிட்டாலும் பெட்டையைத்தான் திருப்பிக் கொண்டுவருவார்கள். சேவலை யாரும் சந்தேகப்படுவதில்லை. அங்கம்மா வீட்டிலும் இரண்டாம் தடவை என்னைப் பார்க்கச் சொன்னது பெட்டையைத்தான்.

இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. நீட்டுகிற பெட்டையை மரியாதையாக வாங்கிக் கூண்டிலேயே திரும்ப விடுங்கள். சேவலைப் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். அதைப் பார்த்து முடித்த பிறகு பெட்டையிடம் வாருங்கள். இரண்டையும் பார்க்காமல் ஒன்றைப் பற்றியும் வாயைத் திறக்காதீர்கள்.